மேலிருந்து பார்த்தால் கரும்பு

“உங்க நிலம் பிசிறும்மா.”

“பிசிறா? துணி தைக்கும்போது ஓரத்துல நீட்டிக்கிட்டு நிக்குமே, அதுவா சார்?”

“அதேதான். சுத்தி எல்லாம் கரும்பு. நடுவுல ஒரே ஒரு கட்டம் மட்டும் வேற மாதிரி இருந்தா கம்ப்யூட்டர் அதைப் பிசிறுன்னு எடுத்துக்கும். வெட்டிடும்.”

“நிலத்தையா?”

“ஐயோ, நிலத்தை யாரும்மா வெட்டுவா? வரைபடத்துல இருக்கற கலரைத்தான். சுத்தி என்ன கலரோ அதையே உங்களுக்கும் அடிச்சுடும்.”

“அப்ப என் வெண்டைச் செடியெல்லாம்?”

“இருக்கட்டுமே, யார் வேணாம்னா? வரைபடத்துல மட்டும் கரும்பா இருக்கும். அவ்வளவுதான்.”

இந்தப் பேச்சு நடந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. ஆனாலும் வெண்டைக்காரி களையெடுக்கக் குனியும்போதெல்லாம் அந்தக் கவுன்ட்டர்காரரின் முகமும், கொளுத்துகிற கோடையில் அவர் போட்டிருந்த கம்பளிச் சட்டையும் கண்ணெதிரே வந்து நின்றன. கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுத் தன் பாட்டிலையே நீட்டியவர். “எனக்கு வேணாம் சார், நிலத்துக்குத்தான் வேணும்” என்று அவள் சொன்ன பிறகுதான் பாட்டிலை மூடி உள்ளே வைத்துக்கொண்டார்.

வெண்டைக்காரி என்பது ஊர் வைத்த பெயர். கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு துண்டு நிலம் அவளுக்கு. பாதியில் வெண்டை, மீதியில் தக்காளியும் முள்ளங்கியும், வேலியோரம் அவரைக் கொடி. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு எழும்பி நிற்க, நடுவில் அவள் வயல் மட்டும் எல்லோரும் நின்றுகொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டது போலத் தெரியும்.

முன்பெல்லாம் வாய்க்கால் மடையைத் திறக்க ஓர் ஆள் இருந்தார். செடி வாடியிருந்தால் திறப்பார், போதும் என்று கை காட்டினால் மூடுவார். போன வருடம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மடைக்கு மின்சாரப் பூட்டு மாட்டினார்கள். பூட்டு செடியைப் பார்க்காது. வரைபடத்தைப் பார்க்கும். வரைபடத்தில் காய்கறி என்றிருந்தால் நாலு நாளுக்கு ஒருமுறை திறக்கும். கரும்பு என்றிருந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. புது வரைபடம் வந்த நாளிலிருந்து அவளுடைய மடை பதினாலு நாள் தூங்கி ஒரு நாள் விழித்தது. வெண்டை பூக்கிற நேரம் அது. இன்னும் மூன்று வாரம் இப்படிப் போனால் பூவெல்லாம் உதிர்ந்து செடி விறகாகிவிடும். அவளும் மாமியாரும் வருடத்தில் எட்டு மாதம் அந்தச் செடிகளை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் அவள் ஒரு கூடை நிறைய வெண்டைக்காய் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினாள்.

அலுவலகத்தின் முழுப்பெயர் ‘வேளாண் நில உபயோக வான்நோக்கு வரைபட இயக்ககம்’. அந்தப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும் என்பதால் ஊரார் ‘வானத்து ஆபீஸ்’ என்று சுருக்கிவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே கம்ப்யூட்டர்களுக்காக வைத்திருந்த குளிரில் மனிதர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு, நாலு சுவரிலும் மாட்டியிருந்த வரைபடங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். சன்னல்களின் மேலும் வரைபடம் ஒட்டியிருந்தது. வெளிச்சம் வந்தால் திரையில் நிலம் சரியாகத் தெரியாதாம்.

கூடையைக் கவுன்ட்டர் மேல் வைத்தாள். “பாருங்க சார். இது வெண்டைக்காய்தானே?”

கவுன்ட்டர்காரர் ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார். டக்கென்று ஒடிந்தது. “நல்ல பிஞ்சு” என்றார் மனதார. பிறகு வேலை நினைவுக்கு வந்து காயைக் கீழே வைத்தார். “ஆனா இது தரைமட்டச் சான்றும்மா. நாங்க வான்மட்டச் சான்றுதான் ஏத்துக்குவோம்.”

“அப்படின்னா?”

“மேலிருந்து பாக்கணும்.”

“சரி, பாருங்க.”

மனிதர் மறுக்கவில்லை. கூடையைத் தரையில் வைக்கச் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். உயரம் போதவில்லை என்று மேசை மேல் ஏறினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கூடையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அறையில் இருந்த மற்றவர்கள் எழுத்தை நிறுத்திவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

“பச்சையா இருக்கு” என்றார் மேலிருந்து.

“ஆமா சார்!”

“கரும்பும் பச்சைதாம்மா.”

இறங்கி வந்து, ‘பொருள் பச்சை எனக் கண்டறியப்பட்டது, வரைபடத்துடன் முரண்பாடு இல்லை’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சன்னலைக் காட்டினாள். “சார், அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் விலக்குங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரும்பு, அதுக்கு நடுவுல என் வயல். இங்கிருந்தே தெரியும்.”

“சன்னல் வழியாவா?” கவுன்ட்டர்காரர் பதறிப்போனார். “அது பக்கவாட்டுப் பார்வைம்மா. அதுல பிழை ஜாஸ்தி.”

அவள் நகர மறுத்ததால் துணை இயக்குநரின் அறைக்கு அனுப்பினார்கள். கூடையை ஆய்வுக்காக வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது காலிக் கூடையும், ‘சான்றுப் பொருள் ஆய்வில் செலவானது’ என்றொரு சீட்டும் கிடைத்தன.

துணை இயக்குநரின் அலமாரியில் ஒரு பெரிய கேடயம் இருந்தது. தொண்ணூற்றேழு சதவீதத் துல்லியத்துக்காகக் கிடைத்ததாம். அவர் அதைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“வரைபடத்தைத் திருத்தணும்னு கேக்கறீங்களாம்?”

“ஆமாங்க ஐயா.”

“அது முடியாதும்மா. அந்த வரைபடம் ஒப்புதல் ஆனது. மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்க நிலத்துல யாராவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா?”

“நிலத்துல எப்படிங்க…”

“பாத்தீங்களா. வரைபடம் ஒரு வருஷம் அப்படியே இருக்கும். உங்க நிலம் இன்னைக்குப் பூக்கும், நாளைக்குக் காய்க்கும், அப்புறம் காயும். அரசாங்கம் எதை நம்பறது, நீங்களே சொல்லுங்க?”

தப்பான கேள்விக்குச் சரியான பதில் தேடி அலைகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கேடயத்தைப் பார்த்துக் கேட்டாள்: “தொண்ணூத்தேழு சரின்னா, மீதி மூணு எங்க போச்சுங்க?”

“அது நிலத்தோட குறை” என்றார் துணை இயக்குநர். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மேலே ‘நிலத் திருத்த விண்ணப்பம்’ என்று அச்சடித்திருந்தது. வரைபடத்தில் இருப்பது போல நிலத்தை மாற்றிக்கொள்ள விரும்பும் விவசாயிகளுக்கானது. வரைபடத்தைத் திருத்த எந்தப் படிவமும் அந்தக் கட்டடத்தில் இல்லை.

“உங்களைப் பாத்தா பாவமா இருக்கு. ஒரு வழி சொல்றேன்” என்று குரலைத் தாழ்த்தினார். “உங்க கட்டத்தைச் சுத்தி எட்டுக் கட்டம். அதுல அஞ்சு கட்டம் வெண்டையா மாறிட்டா, பெரும்பான்மை உங்க பக்கம். அப்ப நீங்க பிசிறு இல்ல. அஞ்சு பேர்கிட்ட ‘நானும் வெண்டை போடறேன்’னு எழுதி வாங்கிட்டு வாங்க.”

திரையில் எட்டுக் கட்டத்தையும் எண்ணிக் காட்டினார். மூன்று கட்டம் ட்ராக்டர்காரருடையவை. ஒன்று, ஓய்வு பெற்ற தபால்காரருடையது. ஒன்று, ரோட்டு வளைவு.

“ரோடு எப்படிங்க வெண்டை போடும்?”

“அதுக்கு நெடுஞ்சாலைத் துறையோட தடையின்மைச் சான்று வேணும்” என்றார் அவர், சிரிக்காமல்.

மீதி மூன்று கட்டம் யாருடையவை என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவை அவள் கணவருடையவை.

இந்த இடத்தில் அந்தப் பழைய கதையைச் சொல்லிவிடுவது நல்லது. ஆறு வருடம் முன்பு வரை அது ஒரே நிலம். இருவருமாக உழைத்து வாங்கியது. ஒரு நாள் கணவர் சர்க்கரை ஆலைக்குப் போய், நிலம் மொத்தத்தையும் கரும்புக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இனிப்போடு வீட்டுக்கு வந்தார். “எல்லாம் ஒரே பயிரா இருந்தா சுலபம்” என்றார். “என்னைக் கேட்டீங்களா?” என்றாள் அவள். “இதுல கேக்க என்ன இருக்கு?” என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

அவள் அழவில்லை. கயிறு எடுத்துவந்து தன் பங்கு என்று ஒரு துண்டை அளந்தாள். அவளே தன் கையால் மண்வெட்டி பிடித்து வரப்புப் போட்டாள். வீடும் கிணறும் அவர் பக்கம் போயின. அவள் வயலோரம் இரண்டு அறை கட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் மாமியார் பெட்டியோடு வந்து சேர்ந்தார். “அவன் சமையலை மனுஷன் சாப்பிட முடியாதும்மா” என்பது மட்டும்தான் அவர் சொன்ன காரணம்.

அன்றிலிருந்து கணவனும் மனைவியும் நேராகப் பேசிக்கொண்டதில்லை. ஒவ்வொரு கோடையிலும், வரப்புக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தமும் கரும்புக்குள் தண்ணீர் பாயும் சத்தமும் கேட்கும்போது அவள் தொண்டை வரை ஒரு வார்த்தை வரும். அவள் விழுங்கிவிடுவாள். கேட்டால் தோற்றுவிட்டது போல ஆகிவிடும் என்று ஒரு பயம்.

ட்ராக்டர்காரர் படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். “ஏன் தங்கச்சி, நான் கரும்பை வெட்டிட்டு வெண்டை போடணுமா? ஆலைக்காரன் என்னை வெட்டிடுவான்.”

“போட வேணாம் அண்ணா. போடறேன்னு எழுதினா போதுமாம்.”

“அட, அப்ப போடாமயே போடலாமா? வானத்து ஆபீஸ்ல இவ்வளவு வசதி இருக்கா?” என்று மூன்று கட்டத்துக்கும் மூன்று கையெழுத்துப் போட்டார். “வேணும்னா திராட்சைன்னு போட்டுக்கட்டுமா? வரைபடம் பாக்க அழகா இருக்கும்.”

தபால்காரர் கண்ணாடி தேடி எடுத்து முழுதும் படித்தார். “நாற்பது வருஷம் தபால் குடுத்திருக்கேன் தாயி. ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டோட கடிதத்தைக் குடுத்ததில்ல. இவங்க நாலு பக்கத்து வீட்டைப் பாத்துட்டு நடுவீட்டு ஆளோட பேரையே மாத்தறாங்களே!” என்று திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நாலு கிடைத்தது. ஐந்தாவதற்கு மாமியாரும் மருமகளும் வரப்போரம் போய் நின்றார்கள். மூன்றடி தள்ளி, கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டு கணவர் நின்றிருந்தார்.

“டேய், உன் மருவாதைக்குரிய பொண்டாட்டிக்கு ஒரு கையெழுத்து வேணுமாம்” என்றார் மாமியார்.

“எதுக்குன்னு கேளும்மா.”

“அத்தை, ஆபீஸ் ஃபாரத்துக்குன்னு சொல்லுங்க. எனக்காக இல்லைன்னும் சொல்லுங்க.”

“அம்மா, செடியெல்லாம் தலை தொங்கிக் கெடக்கே, ஃபாரம் தண்ணி விடுமான்னு கேளு.”

“அத்தை, அது எங்க கவலைன்னு சொல்லுங்க.”

“எனக்கு வயசு எழுபது” என்றார் மாமியார். “மூணடி தூரத்துக்கு என்னை அலைய விடறீங்களே, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?”

கணவர் படிவத்தை வாங்கிக் கரும்புத் தண்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. இந்த மனிதர் கையெழுத்துப் போடுவது மட்டும் எப்போதும் வேகம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து கையெழுத்தோடு போனவளைத் துணை இயக்குநர் மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். கட்டங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினார். பிறகு பொத்தானைத் தட்டினார். திரை ஒருமுறை கண்சிமிட்டியது. மஞ்சள் முழுதும் மறைந்து பழையபடி கரும்புப் பச்சை.

“அடடா” என்றார் அவர். “இந்த அஞ்சு கட்டமும் இப்ப பிசிறு ஆயிடுச்சும்மா. இதுங்களைச் சுத்தியும் கரும்புதானே? அதனால இந்த ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இருக்கறவங்களும் எழுதிக் குடுக்கணும். அப்புறம் அவங்களுக்குப் பக்கத்துல இருக்கறவங்க.”

“இது எங்க போய் நிக்கும் ஐயா?”

அவர் கணக்குப் போட்டார். நேர்மையாகவே போட்டார். “கடல்ல” என்றார்.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. வாசல் கதவு மூடும் நேரம் வரை உட்கார்ந்திருந்தாள். காவலாளி வந்தார், போனார். மறுநாளும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். “நேர்ல ஒருத்தர் வந்து பாருங்க” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்த நாற்காலியையும் அலுவலகச் சொத்துப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டிவரும் என்ற அச்சத்தில், கள ஆய்வுக்கு உத்தரவு பிறந்தது.

அலுவலகம் பரபரத்துப்போனது. ஒன்பது வருடத்தில் யாரும் நிலத்துக்குப் போனதில்லை. எந்தக் காலணி போடுவது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மண்ணுக்கு எதிராக ஊசி போட வேண்டுமா என்று ஒருவர் எழுத்துமூலம் கேட்டார். வரலாற்றுச் சிறப்புள்ள நிகழ்ச்சி என்பதால் இயக்குநரே நேரில் வருவதாக முடிவானது.

அவர்கள் வந்த நாள், வெண்டைக்குத் தண்ணீர் விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பூக்கள் வரிசை வரிசையாகக் கீழே கிடந்தன. அவள் காலையிலிருந்து குடத்தில் சுமந்து, கடைசி இரண்டு வரிசையை மட்டும் எப்படியோ உயிரோடு வைத்திருந்தாள்.

மூன்று வண்டிகள் நின்றன. இயக்குநர் இறங்கினார். காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. பின்னால் குடை பிடித்தபடி ஒருவர், இடம் காட்டும் சின்னக் கருவி பிடித்தபடி கவுன்ட்டர்காரர், ‘நிலத்தோடு நேருக்கு நேர்’ என்று எழுதிய துணிப் பதாகையோடு இருவர். அவள் தன் வயலின் நடுவில் நின்று கும்பிட்டாள்.

அவர்கள் அவளைக் கடந்து போனார்கள்.

கவுன்ட்டர்காரர் கருவியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வரப்பைத் தாண்டினார். கணவரின் கரும்புக்குள் நுழைந்தார். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே மறைந்தார்கள். கரும்புக்கு மேல் குடையின் நுனி மட்டும் தெரிந்தது.

“சார், அது இல்ல! இதுதான் என் நிலம்! இங்க வாங்க!” என்று கத்தினாள்.

கரும்புக்குள்ளிருந்து கவுன்ட்டர்காரரின் குரல் வந்தது. “கருவி இங்கதாம்மா காட்டுது. உங்க கட்டத்தோட நட்ட நடு இதுதான்.”

“கருவி தள்ளிக் காட்டுது சார். நான் நிக்கறேனே, தெரியலையா?”

உடனே கவலையோடு அதே குரல்: “நீங்க நிக்கற இடம் கருவிப்படி ரோடும்மா. ஓரமா வந்துடுங்க, வண்டி ஏதாவது வந்துடப் போகுது.”

உள்ளே கம்பில் கட்டிய துணிக்கொடி ஒன்றை நட்டார்கள். “என்ன பயிர்?” என்று இயக்குநர் கேட்பதும், “கரும்பு ஐயா” என்று நாலு பேர் சேர்ந்து சொல்வதும், படம் எடுக்கும் சத்தமும் கேட்டன. ‘சரிபார்க்கப்பட்டது.’ கைதட்டல். பிறகு ஒவ்வொருவராக, முகத்தில் சோகை கீறிய கோடுகளோடு வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த கவுன்ட்டர்காரர், தன்னையறியாமல் வரப்பில் நின்று, வெண்டைச் செடிகளைப் பக்கவாட்டில் பார்த்தார். கண்ணை உடனே எடுத்துக்கொண்டார்.

இயக்குநர் வரப்பின் மேல் ஏறி நின்று பேசினார். அவருக்கு வரப்பும் மேடைதான்.

“இந்தச் சகோதரியோட துணிச்சலை நான் பாராட்டறேன். இவங்களாலதான் எங்க துல்லியம் இன்னைக்குத் தொண்ணூத்தெட்டு ஆயிருக்கு. சிலபேர் கேக்கறாங்க, வானத்துலேர்ந்து பாத்தா என்ன தெரியும்னு. நான் சொல்றேன், எல்லாமே தெரியும். ஆள் மட்டும்தான் தெரியாது. அதுதான் அதோட அழகு! ஆள் தெரிஞ்சா தயவு தாட்சண்யம் வரும். தயவு வந்தா தப்பு வரும். எங்களுக்குப் பொல்லாத எண்ணம் எதுவும் கிடையாது. நாங்க கேக்கறதெல்லாம் கொஞ்சம் ஒத்துழைப்பு. எல்லாம் ஒரே நிறமா இருந்தா சுலபம்.”

கரும்பு விலகியது. கணவர் வெளியே வந்து நின்றார். கையில் அவர்கள் நட்ட கொடி. ‘சுலபம்’ என்ற சொல்லில் யாரோ அவர் முதுகில் தட்டியது போல முகம் மாறியிருந்தது.

“ஐயா” என்றார். “இது என் கரும்பு. அது அவ வெண்டை. ஆறு வருஷமா தினம் பாக்கறேன். எந்த வரிசை எப்ப பூத்துச்சுன்னு கூடச் சொல்லுவேன். நீங்க என் வயல்ல நின்னுக்கிட்டு அவளுக்குக் கையெழுத்துப் போடறீங்க.” தலை குனிந்தார். “அது தப்பு. நானும் பண்ணியிருக்கேன்.”

மாமியார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நீங்க யாரு?” என்றார் இயக்குநர்.

“பக்கத்துக் கட்டம்” என்றார் கணவர்.

“பக்கத்துக் கட்டத்தோட கருத்தைக் கம்ப்யூட்டர் ஏற்கனவே கணக்குல எடுத்தாச்சு. நன்றி.” இயக்குநர் அவளிடம் திரும்பி ஒரு தாளை நீட்டினார். பளபளப்பான தாள், தங்கக்கரை போட்டது. “இது நிற இசைவுச் சான்றிதழ். ‘என் நிலம் கரும்பு என்பதை மனமுவந்து ஏற்கிறேன்.’ இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா ‘முன்மாதிரி இசைவு விவசாயி’ன்னு உங்க படத்தை எங்க அலுவலகத்துல மாட்டுவோம். பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை தண்ணி நிச்சயம். போடலைன்னா உங்க கட்டத்தை ‘தரவு இல்லை’ன்னு போட்டுடுவோம். அப்புறம் மடை திறக்கவே திறக்காது. யோசிச்சுக்கங்க.”

அவள் யோசித்தாள். தாளைக் கையில் வாங்கினாள். கவுன்ட்டர்காரர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். வரப்பில் விழுந்து கிடந்த ஒரு வெண்டைப்பூ அவள் காலில் ஒட்டியிருந்தது.

தாளை இரண்டாக மடித்து இயக்குநரின் சட்டைப் பையிலேயே செருகினாள்.

“போட மாட்டேங்க ஐயா. என் நிலம் என்னன்னு எனக்குத் தெரியும். பிசிறுன்னு எழுதுங்க, தரவு இல்லைன்னு எழுதுங்க, ரோடுன்னு வேணும்னாலும் எழுதிக்கங்க. அது உங்க காகிதம். கரும்புன்னு மட்டும் என் கையால எழுத மாட்டேன்.”

“தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?”

“உங்க பூட்டு திறந்தாத்தான் தண்ணின்னு நினைச்சீங்களா? இறங்குங்க ஐயா. நீங்க நிக்கறது என் வரப்பு.”

இயக்குநர் இறங்கினார். எதற்காக இறங்கினோம் என்று அவருக்கே புரியவில்லை. காலில் பிளாஸ்டிக் உறை கிழிந்து, முதன்முறையாகக் கொஞ்சம் மண் பட்டது. அவர் அதை அருவருப்போடு பார்த்தார். கணவர் கையிலிருந்த கொடிக்கம்பை வாங்கி, அவள் தன் வேலியோரம் சாய்ந்து கிடந்த அவரைக் கொடிக்கு அருகே ஊன்றினாள். அவரைக் கொடியைத் தூக்கி அதில் சுற்றிவிட்டாள். நல்ல கம்பு.

“அலுவலகச் சொத்து அது” என்று யாரோ முனகினார்கள்.

“ஆய்வில் செலவானதுன்னு எழுதிக்கங்க” என்றாள்.

வண்டிகள் கதவைச் சாத்திக்கொண்டன. பதாகையைச் சுருட்டினார்கள். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. கணவர் இன்னும் வரப்புக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். கை வெறுமையாகிவிட்டதால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். தலைமுடி காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? ஆறு வருடமாக அவளும் அவரைப் பார்க்காமல்தான் பார்த்திருக்கிறாள்.

“அம்மா” என்று அவர் ஆரம்பித்தார். “அவகிட்ட…”

“நான் உள்ள போறேன்” என்றார் மாமியார். “எனக்குக் காது கேக்கல.” சொல்லிவிட்டு நகராமல் அங்கேயே நின்றார்.

அவள் தொண்டையில் அந்த வார்த்தை வந்து நின்றது. ஒவ்வொரு கோடையிலும் வந்து, ஒவ்வொரு கோடையிலும் உள்ளே போன அதே வார்த்தை. பின்னால் பூ உதிர்ந்த வரிசைகளும், இன்னும் உயிரோடு இருந்த கடைசி இரண்டு வரிசையும் நின்றன. அவள் விழுங்கவில்லை. வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

“என்னங்க… உங்ககிட்டத்தான் நேரா கேக்கறேன். அந்தக் கிணறு வெட்டினப்ப நானும் மண் சுமந்திருக்கேன். அதுல பாதி என்னுது. போய் மோட்டாரைப் போட்டுட்டு வந்து, இந்த வரப்பை வெட்டுங்க. என் வெண்டைக்குத் தண்ணி விடுங்க.”